அரைப்பேரும் முழு வெயிலும்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால், பன்வில தாண்டியதும் காற்று மாறிவிடும். நக்கிள்ஸ் மலைப்பக்கத்திலிருந்து வருகிற காற்று. கொழும்பிலிருந்து வருகிற கூட்டாளிகள் "உங்களுக்கென்னப்பா, ஏசிக்குள்ளயே வாழுறீங்க" என்பார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே ஆமாம் போடுவோம்.

போன பங்குனியில் எங்கள் கூட்டாளி ஒருத்தியின் சின்னம்மா கொழுந்து மலையில் மயங்கி விழுந்தார். நேரம் பகல் பதினொன்றரை இருக்கும். பக்கத்து நெறையில் நின்ற அக்காமார்தான் கூடையைக் கழற்றி, படங்கை அவிழ்த்து, ஒரு சவுக்கு மரத்தடியில் கிடத்தி, ஆளுக்கொரு போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை முகத்திலும் கழுத்திலும் ஊற்றினார்கள். அரை மணித்தியாலத்தில் எழுந்து உட்கார்ந்தார். லயத்துக்குக் கூட்டிப் போனார்கள். அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான் விழுந்தது. மறுநாள் காலை வழக்கம்போல பெரட்டுக்குப் போய்விட்டார். ஏன் விழுந்தார் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: "காலையில சாப்பிடாம போயிருப்பா."

அரைப்பேர் என்றால் என்னவென்று தோட்டத்துக்கு வெளியில் உள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும். செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. சொன்ன கிலோ வரவில்லை, பாதியில் வந்துவிட்டாய் என்றால் அரைப்பேர். அதாவது உடம்பு "போதும், நிறுத்து" என்று சொன்னால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுப்பது விழுந்தவர்தான்.

வெயில் நோயைப் பற்றி எழுத உட்கார்ந்த நாங்கள், இந்த அரைப்பேரைத் தாண்டிப் போகமுடியாமல் நின்றுவிட்டோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

குளிர் மலையில் எப்படி வெயில் நோய்?

முதல்ல எங்களுக்கே இருந்த சந்தேகம் இது. யாழ்ப்பாணத்திலும் அநுராதபுரத்திலும் வரவேண்டிய வருத்தம் மடுல்கெல்லவில் எப்படி வரும்?

உடம்பு சூடாவதற்கு வெளிவெயில் ஒரு காரணம் மட்டும்தான். இன்னொரு அடுப்பு உடம்புக்குள்ளேயே எரிகிறது. தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மிச்சமெல்லாம் சூடு. செங்குத்தான மலையில், முதுகில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிறவர் எவ்வளவு சூட்டை உண்டாக்குவார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு உள்ள பெரிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது காயவேண்டும். காயும்போதுதான் உடம்பு குளிரும். இடுப்பைச் சுற்றிப் படங்கு, அதற்கு மேல் பொலித்தீன். மழை பெய்து ஓய்ந்து, காற்றும் அடங்கி, வெயில் அடிக்கும் நாளில் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: வியர்வை காயவே காயாது.

முதலில் கெண்டைக்காலில் பிடிப்பு. பிறகு தலையிடி, குமட்டல், தலைச்சுற்று. இது களைப்பு நிலை. நிழலும் தண்ணீரும் கிடைத்தால் திரும்பி வரலாம். இதைத் தாண்டினால் பேச்சு குழறும், ஆள் சம்பந்தமில்லாமல் பேசுவார், உடம்பின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். இதுதான் வெப்ப அதிர்ச்சி, உயிர் போகிற நிலை. சின்னம்மா முதல் படியில் தப்பினார். நிழலும் தண்ணீரும் பக்கத்தில் ஆளும் இருந்ததால் தப்பினார்.

நடந்து வந்த வழி

எங்கள் ஆட்களுக்கும் வெயிலுக்கும் உள்ள கதை கொழுந்து மலையில் தொடங்கவில்லை. அது 1830களிலும் 40களிலும், கண்டியைச் சுற்றிக் காட்டை வெட்டிக் காப்பி போட்ட காலத்தில் தொடங்குகிறது. மடுல்கெல்லப் பக்கமும் அப்போது காப்பி நாடுதான்.

இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து வன்னிக் காட்டுக்குள்ளால், தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரைக்கும் நடை. ஏறத்தாழ 150 மைல். காப்பிப் பழம் பறிப்பது ஆண்டின் பிற்பாதியில். அதற்கு நேரத்தோடு வந்துசேர வேண்டுமானால், வன்னியில் குளங்கள் வற்றிக் கிடக்கிற மாதங்களில் நடக்கவேண்டும். வழியில் செத்தவர்களைப் பற்றி எழுதுகிற வரலாற்று நூல்கள் காலரா, அம்மை, வயிற்றோட்டம் என்று காரணம் சொல்கின்றன. ஆனால் அந்த நோய்களை எது வழியில் காத்திருக்க வைத்தது? கிடைத்த குட்டைத் தண்ணீரைக் குடிக்க வைத்த தாகம். உட்கார நிழலில்லாத பாதை. நின்றால் கூட்டம் விட்டுப் போய்விடும் என்ற பயம்.

பிற்காலத்தில் இந்தப் பாதையில் கிணறுகளும் தங்குகொட்டகைகளும் போடப்பட்டன. ஆள் செத்தால் அறுவடை கெடும் என்று துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் உறைத்த பிறகு. அந்தக் கிணறும் கொட்டகையும் என்ன? தண்ணீரும் நிழலும்தான். இன்றைக்கு உலகம் முழுவதும் வெயில் நோயைத் தடுக்கச் சொல்லும் மூன்று வார்த்தைகளில் இரண்டு அன்றைக்கே வந்துவிட்டன. மூன்றாவது வார்த்தை ஓய்வு. அது மட்டும் வரவில்லை.

செடிக்கு நிழல், ஆளுக்கு மணிக்கூடு

காப்பி நோய் கண்டு அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலையோடு நிழல் மரமும் வந்தது. நாம் சவுக்கு என்கிற கிரவீலியா அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அதோடு முள்முருக்கு. எந்த உயரத்தில் எந்த மரம், எத்தனை அடிக்கு ஒன்று, எப்போது கிளை வெட்டுவது என்பதெல்லாம் கணக்கு. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. செடிக்கு எவ்வளவு வெயில் தாங்கும் என்று பார்ப்பதும் அதன் வேலைகளில் ஒன்றாகியது. செடிக்கு அளந்து கொடுத்த நிழலின் கீழே ஆள் நிற்பது தற்செயல். கிளை வெட்டுகிற காலத்தில் அந்தத் தற்செயலும் போய்விடும்.

ஆளுக்கு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட வெளியிலிருந்து ஒரு தள்ளு வேண்டியிருந்தது. 1922 இல் இந்தியா குடியகல்வுச் சட்டத்தை நிறைவேற்றியது: உங்கள் நாட்டுக்கு ஆள் வேண்டுமானால் எங்கள் நிபந்தனைகளைக் கேளுங்கள். 1923 இல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் வந்து அமர்ந்தார். கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் பல வருட இழுபறிக்குப் பிறகு 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம்.

பலரும் இந்தச் சதக்கணக்கை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வேலைநாள் என்றால் பகல் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஒன்பது மணித்தியாலம். தோட்டத்து மணிக்கூட்டில் முதல் தடவையாகச் சட்டம் கைவைத்தது அங்கேதான். எங்களைப் பொறுத்தவரை அது கூலிச் சட்டம் மட்டுமில்லை, உடம்புச் சட்டமும்தான். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

ஆனால் மணிக்கூட்டில் கைவைத்த சட்டத்தைத் தராசு மெல்ல மெல்லச் சாப்பிட்டுவிட்டது. நாளுக்கு இத்தனை கிலோ என்று வந்தபின், ஒன்பது மணித்தியாலம் யாருக்கு ஞாபகம்? 2021 இல் நாட்கூலி 1000 ரூபா என்று ஆனபோது பல தோட்டங்களில் கிலோவையும் கூட்டினார்கள். தண்ணீர் குடிக்க நிற்கும் ஐந்து நிமிடமும் அந்தக் கிலோவிலிருந்துதான் கழிகிறது. எங்கள் அம்மாயி ஒருவர் சொன்னார்: "அந்தக் காலத்துல கங்காணி சத்தம் போடுவாரு, கொஞ்ச நேரம் ஒளிஞ்சி நிக்கலாம். தராசுகிட்ட எங்க ஒளியிறது?"

இன்னொன்று, ஆண்கள் எழுதுகிற கட்டுரைகளில் வராது. மலையில் கக்கூஸ் இல்லை. அதனால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். இதைச் சொல்லாமல் "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிப் பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2024 இல் வெளியானது. வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறப்பது போன்ற ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அது காட்டியது. கொழுந்து எடுப்பது யார் என்று நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மற்ற நாடுகளில் எப்படி வந்தது

1931 ஆம் ஆண்டுக் கோடை. அமெரிக்காவில் ஹூவர் அணைக்கட்டு வேலை. பொருளாதார மந்த காலம், வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்திருந்தார்கள். பாலைவனப் பள்ளத்தாக்கில் வெப்பம் 49 பாகை வரை போனது. அந்த ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில் பத்துக்கு மேற்பட்டவர்கள் வெயிலில் செத்தார்கள். ஓகஸ்டில் வேலைநிறுத்தம். கோரிக்கைகளில் கூலியோடு ஐஸ் தண்ணீரும் ஒழுங்கான கக்கூஸும் இருந்தன. வேலைநிறுத்தம் தோற்றது, முன்னின்றவர்கள் வேலையிழந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு குடிதண்ணீரும் தங்குமிடமும் திருந்தின. அடுத்த வருடம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அங்கே வந்து, வியர்வையோடு உப்பும் போவதை ஆராய்ந்தார்கள்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1920களிலேயே வெப்ப அதிர்ச்சியால் ஆட்கள் சாகத் தொடங்கினார்கள். புதிதாக வருகிறவரை எடுத்தவுடன் முழு வேலைக்கு விடாமல் இரண்டு கிழமை படிப்படியாகப் பழக்கினால் சாவு குறைகிறது என்று 1930களில் அங்கே கண்டுபிடித்தார்கள். கறுப்பினத் தொழிலாளர் மேல் இருந்த பாசத்தால் இல்லை, தங்கம் நிற்கக்கூடாது என்பதற்காக. 1950களில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் பயிற்சியில் விழுந்தபோது, வெறும் வெப்பமானி போதாது என்று, ஈரப்பதம், நேர்வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிற 'ஈரக் குமிழ் கோள வெப்பநிலை' என்ற அளவை உருவாக்கினார்கள்.

ஆக, நிழல், தண்ணீர், ஓய்வு, பழக்கம், அளவை எல்லாமே எங்கள் தாத்தாமார் காலத்திலேயே தெரிந்த விஷயங்கள். தெரிந்தது சட்டமாக இன்னும் அரை நூற்றாண்டு போனது. வெளிவேலைக்காரருக்கான வெப்பச் சட்டத்தைக் கலிபோர்னியா 2005 இல்தான் கொண்டுவந்தது, அந்தக் கோடையில் பண்ணைத் தொழிலாளர்கள் செத்த பிறகு. சட்டம் வந்து மூன்று வருடம் கழித்து, 2008 மே மாதத்தில், மரியா இசபெல் வாஸ்கெஸ் ஹிமெனெஸ் என்ற 17 வயதுப் பெண் அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் விழுந்து இரண்டு நாளில் இறந்தாள். கர்ப்பிணி. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். தண்ணீர் இருந்த இடம் எட்டத்தில். போய்க் குடித்துவிட்டு வர நேரமில்லை. சட்டத்தில் நிழலும் தண்ணீரும் எழுதியிருந்தன. அவள் நின்ற நெறைக்கு அவை வரவில்லை.

"ஓய்வு கொடுத்தா உற்பத்தி குறையும்" என்று சொல்பவர்களுக்கு எல் சல்வடோரில் ஒரு பதில் இருக்கிறது. கரும்பு வெட்டுகிறவர்களுக்கு நடமாடும் நிழல், தண்ணீர், நேரம் வைத்த ஓய்வு, கைக்குத் தோதான கத்தி எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு நாளில் வெட்டியது 5.1 தொன்னிலிருந்து 7.3 தொன்னாகக் கூடியது.

மலையிலிருந்து பாலைவனத்துக்கு

இது எங்கள் வயதுக்காரர்களின் கதை. மடுல்கெல்லப் பக்கத்து லயங்களில் எங்களோடு படித்த பையன்களில் எத்தனை பேர் இப்போது ஊரில் இருக்கிறார்கள்? கொழும்பில் கட்டட வேலை, ரோட்டு வேலை. இல்லாவிட்டால் கட்டார், துபாய், சவூதி. பாட்டன் பூட்டன் சூட்டு நிலத்திலிருந்து குளிர் மலைக்கு நடந்து வந்தார்கள். பேரன்மார் குளிர் மலையிலிருந்து சூட்டு நிலத்துக்குப் பறந்து போகிறார்கள். இரண்டு பயணத்திலும் ஆபத்து முதல் நாட்களில்தான்.

வெளியிடங்களில் வெப்பத்தால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில் நடக்கின்றன என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. காரணம், உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், அதிகம் வியர்க்கும், உப்பைக் குறைவாக இழக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் வளர்ந்த பையன் ஜூலையில் தோஹாவில் இறங்கி மறுநாளே கம்பி கட்டப் போனால், அவன் உடம்பு இன்னும் மடுல்கெல்லவில்தான் இருக்கும்.

வளைகுடா நாடுகளில் மதிய வேலைத் தடை இருக்கிறது. கட்டாரில் 2007 இல் வந்தது. 2021 இல் கூட்டினார்கள். ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 இலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளிவேலை கூடாது. ஈரக் குமிழ் கோள அளவு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்தவேண்டும். இதுவும் இனாமாக வரவில்லை. உலகக் கிண்ணத்துக்காக உலகம் முழுக்க அந்த நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொழிலாளர் அமைப்புகள் விடாமல் கேட்டதால் வந்தது. அதற்கு முன்பு? 2009 முதல் 2017 வரை கட்டாரில் இதய நோயால் இறந்த 571 நேபாளத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு 2019 இல் வெளியானது. வெயிலிலிருந்து ஒழுங்காகப் பாதுகாத்திருந்தால் அதில் 200 பேர் வரை பிழைத்திருக்கலாம் என்றது. அந்தக் கடுதாசிகளில் எழுதியிருந்தது மாரடைப்பு, இயற்கை மரணம். இருபது முப்பது வயதுப் பையனுக்கு என்ன இயற்கை மரணம்?

"காலையில சாப்பிடாம போயிருப்பா" என்பதும் "இயற்கை மரணம்" என்பதும் எங்களுக்கு ஒரே வாக்கியமாகத்தான் கேட்கிறது. விழுந்தவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டால், வேலை மேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வேலையால் வந்த பாதிப்பு என்று காட்டமுடியாவிட்டால் நட்டஈடும் கிடைக்காது.

எங்கள் பக்கம்

இலங்கையில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கம். காற்றோட்டம், வெப்பநிலை, குடிதண்ணீர் பற்றியெல்லாம் அதில் இருக்கிறது. தேயிலை ஸ்டோருக்குள் அது பொருந்தும். கொழுந்து ஸ்டோர் வாசலைத் தாண்டியதும் அதற்குக் காற்றோட்டம் உண்டு. அதைப் பறித்த கை நிற்கிற மலை தொழிற்சாலை இல்லை. வெப்பம் கூடும் மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தல் விடுகிறது. பெரும்பாலும் தாழ்நில மாவட்டங்களுக்குத்தான். அந்தச் சுட்டெண்ணும் நிழலில் இருப்பவருக்கான கணக்கு. நேர்வெயிலில் நிற்பவருக்கு இன்னும் சில பாகை கூட்டிக்கொள்ள வேண்டும்.

எனவே சட்டம் வரும்வரை காத்திருக்காமல் கேட்கக்கூடியது என்ன? தொழிற்சங்கக் கூட்டங்களில் இவற்றைச் சொல்லிப் பாருங்கள் என்று எங்கள் அம்மாமாரிடமும் அக்காமாரிடமும் சொல்லி வருகிறோம்.

பங்குனி, சித்திரையில் பெரட்டை முன்னுக்குத் தள்ளி, நடுப்பகல் வெயிலில் ஓய்வு. கால் மணித்தியாலத்துக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு கோப்பைத் தண்ணீர் குடிக்கக்கூடிய தூரத்தில் தண்ணீர். மலைக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கக்கூஸ். புதியவருக்கும் நோயில் கிடந்து திரும்புகிறவருக்கும் முதல் கிழமை குறைந்த கிலோ: முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெயிலில் விழுந்தவருக்கு அரைப்பேர் போடக்கூடாது. அரைப்பேர் இருக்கும்வரை தலைச்சுற்றை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லாவிட்டால் அடுத்த படிதான்.

யாராவது விழுந்தால்: லொறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் குளிரவைப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரி. நிழலுக்குக் கொண்டுபோய், படங்கையும் பொலித்தீனையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பீலித் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் அதில் நனைத்துவிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பேச்சு குழறினால் 1990 க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வெளிநாடு போகிற தம்பிமாரே, போய் இறங்கிய முதல் கிழமையில் "நான் ஆம்பள, தாங்குவேன்" என்று நிற்கவேண்டாம். தாங்குவது வீரம் இல்லை, உடம்பின் பழக்கம்.

சின்னம்மாவிடம் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினோம். கடைசிவரை கேட்டுவிட்டு, "இம்புட்டு நாடு சுத்தி வந்துட்டீங்க, அந்த அரைப்பேர முழுசாக்கித் தருவாங்களான்னு கேட்டீங்களா?" என்றார்.

இன்னும் கேட்கவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறோம்.